உங்களுக்குத் தெரியுமா? மாங்கனியைக் குழைவிக்கும் நொதி

சித்தூர், திருப்பதி ஜில்லாக்களின் தோப்புகளில் விளைந்து கூழாலைகளுக்குச் செல்லும் கிளிமூக்கு மாங்காய் கனிந்து குழைவதற்குரிய காரணங்களுள் ஒன்று, செல்சுவரிலுள்ள பெக்டினை அறுக்கும் பாலிகாலக்டுரோனேஸ் என்னும் நொதியாகும். தாவரம், பூஞ்சை, பாக்டீரியா முதலிய வெவ்வேறு ஜீவராசிகளில் காணும் இந்நொதியின் அமினோ அமில வரிசைகளை, 1970-இல் நீடில்மனும் வுன்ஷும் வெளியிட்ட கணித முறையின் வழிவந்த கணினி முறைகளால் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி ஒப்பிடுங்கால், பெரும்பாலான ஸ்தானங்கள் பரிணாமத்தில் மாறிப்போயிருக்க, மூன்று ஆஸ்பார்டிக் அமிலங்களும், ஹிஸ்டிடின், அர்ஜினின், லைசின் ஒவ்வொன்றும் உள்ளிட்ட சில மாத்திரம் அநேகமாக மாறாது நிற்பதைக் காண்கிறோம். இவ்வாறு மாறாத ஸ்தானங்களே நொதியின் வினை நிகழும் இடம் என்று வரிசையைக் கொண்டே ஊகிப்பது உண்மையில் அற்புதமான காரியம். இவ்வூகத்திற்கு இசைய, அஸ்பர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையின் நொதியில் 180, 201, 202-ஆம் ஸ்தானங்களிலுள்ள ஆஸ்பார்டிக் அமிலங்களை ஆராய்ச்சியாளர் தனித்தனியே மாற்றியபோது, அதன் வீரியம் ஏறக்குறைய முழுவதும் அற்றுப்போயிற்று.