முதலிடம் பிடித்தும் இடமில்லை!

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன கூடைப்பந்தும், தலைக்கவசம் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தும்தான். உலகம் கால்பந்து என்று அறிந்திருக்கும் ஆட்டத்தை, 'சாக்கர்' என்ற பெயரில், அந்நாட்டு மாணவிகள் ஆடிவருவது இங்கே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால், அமெரிக்க மகளிர் அணி 1991, 1999, 2015, 2019 ஆகிய நான்கு ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்றதற்கு அடித்தளம் அமைத்தவற்றில் முதன்மையானவை கல்லூரித் திடல்களே.

கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டப்பிரிவு 1972-இல் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் பயனாக மாணவியருக்கும் விளையாட்டு உதவித்தொகையும் அணிகளும் கிடைக்கத் தொடங்கின. என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, மகளிர் சாக்கருக்கான தேசியப் போட்டியை 1982-இல் 12 அணிகளுடன் தொடங்கியது. 2001 முதல் 64 அணிகள் பங்கேற்கும் போட்டியாக அது வளர்ந்தது. இன்று முதல் பிரிவில் மட்டும் 330-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் ஆடுகின்றன. ஏறத்தாழ ஐந்து அணிகளுக்கு ஓர் இடம்தான் உண்டு. அந்த இடம் யாருக்கு, எந்த அளவுகோலின்படி கிடைக்கிறது?

பொருளாதார மாணவர்களுக்குக் குறியீட்டெண்களைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், அந்த அளவுகோல்தான் ஆட்டத்தைவிட என் கவனத்தை அதிகம் ஈர்க்கிறது. எந்தக் குறியீட்டெண்ணிலும் எதற்கு எவ்வளவு எடை தருகிறோம் என்பதில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கும். விலைவாசிக் குறியீட்டில் உணவுக்குத் தரும் எடையைக் கூட்டினாலோ குறைத்தாலோ பணவீக்கமே வேறாகத் தெரியும். கல்லூரிப் பெண்களின் கால்பந்திலும் அதுவே நிகழ்கிறது.

முதலில் போட்டியின் அமைப்பைப் பார்ப்போம். 'கான்ஃபரன்ஸ்' என்று அழைக்கப்படும் கூட்டமைப்புகளில் கல்லூரிகள் உறுப்பினர்களாக உள்ளன. ஆகஸ்ட் நடுப்பகுதியில் பருவம் தொடங்குகிறது. முதல் சில வாரங்களில் தங்கள் கூட்டமைப்புக்கு வெளியே உள்ள அணிகளுடன் மோதுகின்றன. செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் இறுதிவரை பெரும்பாலும் தங்கள் கூட்டமைப்புக்குள்ளேயே ஆடுகின்றன. நவம்பர் தொடக்கத்தில், பட்டியலில் மேலே உள்ள அணிகளுக்கு மட்டுமான சிறு நாக்அவுட் தொடரைப் பெரும்பாலான கூட்டமைப்புகள் நடத்துகின்றன.

தேசியப் போட்டிக்குள் நுழைய இரண்டு வாயில்கள் உள்ளன. ஒவ்வொரு கூட்டமைப்பின் சாம்பியனுக்கும் நேரடித் தகுதி உண்டு. இவ்வாறு சுமார் 30 இடங்கள் நிரம்பும். எஞ்சிய இடங்களைத் தேர்வுக் குழு ஒன்று, எந்தக் கூட்டமைப்பு என்ற வரம்பின்றி, தகுதி பார்த்து நிரப்புகிறது.

முதல் வாயிலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான கூட்டமைப்புகளில் சாம்பியன் என்பது ஆறேழு வாரங்கள் ஆடிப் பட்டியலில் முதலிடம் பிடித்த அணியைக் குறிக்காது. நவம்பர் மாத நாக்அவுட் தொடரை வென்ற அணியையே குறிக்கும். 2022 முதல் வழக்கமான ஆட்டங்களில் கூடுதல் நேரம் கிடையாது. 90 நிமிடங்களில் சமனானால் சமன்தான். ஆனால், நாக்அவுட் தொடரில் கூடுதல் நேரமும் பெனால்டி உதைகளும் உண்டு. பருவம் முழுவதும் முன்னணியில் இருந்த அணி, ஒரு பெனால்டி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் நேரடித் தகுதியை இழக்கலாம். அதன் பிறகு அது நம்பியிருக்க வேண்டியது இரண்டாவது வாயிலை மட்டுமே.

அங்கேதான் குறியீட்டெண் வருகிறது. தேர்வுக் குழு நேருக்கு நேர் மோதிய முடிவுகளையும், பொது எதிரணிகளுக்கு எதிரான முடிவுகளையும் பார்க்கிறது. எனினும், நெடுங்காலமாக அதன் முதன்மைக் கருவியாக விளங்கி வந்திருப்பது 'ஆர்பிஐ' என்ற எண். அதில் மூன்று கூறுகள் உள்ளன. ஓர் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீத எடை. அது எதிர்கொண்ட அணிகளின் வெற்றி விகிதத்துக்கு 50 சதவீத எடை. அந்த எதிரணிகள் எதிர்கொண்ட அணிகளின் வெற்றி விகிதத்துக்கு 25 சதவீத எடை. இதன் மேல் சில சிறு திருத்தங்களும் செய்யப்படுகின்றன. சுருக்கமாகச் சொன்னால், நீ எப்படி ஆடினாய் என்பதற்குக் கால் பங்கு. யாருடன் ஆடினாய் என்பதற்கு முக்கால் பங்கு.

கற்பனையாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வலிமையான கூட்டமைப்பைச் சேர்ந்த அணி ஒன்று 18 ஆட்டங்களில் 12-இல் வென்று 6-இல் தோற்கிறது. அதன் வெற்றி விகிதம் 0.667. அதன் எதிரணிகளின் சராசரி 0.600, அவற்றின் எதிரணிகளின் சராசரி 0.550. மூன்றையும் உரிய எடையுடன் கூட்டினால் 0.604 வருகிறது. சிறிய கூட்டமைப்பைச் சேர்ந்த இன்னோர் அணி 16 வெற்றி, 2 தோல்வியுடன் 0.889 என்ற விகிதம் பெறுகிறது. அதன் எதிரணிகளின் சராசரி 0.420, அடுத்த சராசரி 0.450. அதன் மொத்தம் 0.545 மட்டுமே. இந்த அணி 18 ஆட்டங்களிலும் வென்றிருந்தாலும் 0.573-ஐத் தாண்டியிருக்காது. ஒரு முறைகூடத் தோற்காத அணி, ஆறு முறை தோற்ற அணிக்குப் பின்னால்தான் நிற்கும்.

இது அநீதி என்று உடனே சொல்லிவிட முடியாது. வலுவற்ற எதிரணிகளை வென்று குவிக்கும் வெற்றிகளுக்குக் குறைவான மதிப்பளிப்பதில் நியாயம் உண்டு. கேள்வி வேறு. எதிரணிகளின் சராசரியைத் தீர்மானிப்பது எது?

கூட்டமைப்புக்குள் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் வென்றால் ஒருவர் தோற்பார். ஆகவே, எவ்வளவு சிறப்பாக ஆடினாலும் கூட்டமைப்பின் உள்சராசரி எப்போதும் சரியாக 0.500தான். 10 அணிகள் கொண்ட கூட்டமைப்பில் ஒவ்வோர் அணியும் உள்ளே 9, வெளியே 9 என 18 ஆட்டங்கள் ஆடுவதாகக் கொள்வோம். உள்ளே நடக்கும் 45 ஆட்டங்களில் 45 வெற்றி, 45 தோல்வி. வெளியே ஆடும் 90 ஆட்டங்களில் 70 சதவீதம் வென்றால் மொத்தச் சராசரி 0.600 ஆகிறது. 30 சதவீதம் மட்டும் வென்றால் 0.400 ஆகிறது. அதாவது, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வெளியே ஆடிய ஆட்டங்கள் முடிந்தவுடன் ஒரு கூட்டமைப்பின் மதிப்பு பெரும்பாலும் உறைந்துவிடுகிறது. அக்டோபரில் அதன் அணிகள் ஒன்றையொன்று எத்தனை முறை வீழ்த்தினாலும் அந்த மதிப்பு உயராது.

இதற்கு மாற்று, பருவத் தொடக்கத்தில் பெரிய அணிகளைத் தேடிப்போய் மோதுவதுதான். ஆனால், சந்தையில் பெருவணிகருக்கும் சிறுவணிகருக்கும் இடையே உள்ள பேர ஆற்றல் வேறுபாடு இங்கேயும் உண்டு. சிறிய கல்லூரியின் திடலுக்குப் போய் ஆடினால் பெரிய அணிக்கு லாபம் குறைவு; தோற்றால் இழப்பு அதிகம். எனவே அழைப்பு வந்தாலும் பெரும்பாலும் பெரிய அணியின் திடலில் ஆடவே வரும். பயணச் செலவும் களைப்பும் சிறிய அணிக்குரியவை.

இந்தத் தடைகளை மீறியவர்களும் உண்டு. பண பலம் மிக்க பெருங்கூட்டமைப்புகளுக்கு வெளியே உள்ள வெஸ்ட் கோஸ்ட் கூட்டமைப்பைச் சேர்ந்த சாண்டா கிளாரா பல்கலைக்கழகம் 2001-இலும், தொற்றுநோயால் தள்ளிப்போய் 2021-இல் நடந்த 2020-ஆம் ஆண்டுப் போட்டியிலும் தேசியப் பட்டம் வென்றது. அதே கூட்டமைப்பின் போர்ட்லண்ட் பல்கலைக்கழகம் 2002, 2005 ஆண்டுகளில் வென்றது. வாயில் திறந்திருந்தால் சிறியவர்களும் சிகரம் தொடுவார்கள் என்பதற்கு இவை சான்று.

மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். 2024-ஆம் ஆண்டு அரையிறுதிக்கு வந்த டியூக், வடக்கு கரோலினா, ஸ்டான்ஃபோர்டு, வேக் ஃபாரஸ்ட் ஆகிய நான்கு அணிகளுமே அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. இறுதி ஆட்டத்தில் வேக் ஃபாரஸ்டை 1-0 என வென்ற வடக்கு கரோலினாவுக்கு அது 22-ஆவது என்சிஏஏ பட்டம். அதுவரை நடந்த 43 போட்டிகளில் பாதிக்கு மேல் ஒரே கல்லூரிக்கு! வலிமை ஓரிடத்தில் குவிந்திருப்பது உண்மை. குறியீட்டெண் அதைக் கற்பனை செய்யவில்லை.

வலிமையான கூட்டமைப்பில் இருப்பது எப்போதும் வரமாகவும் அமைவதில்லை. வெற்றிகளைவிடத் தோல்விகள் மிகுந்த அணியைத் தேர்வுக் குழு கருத்தில் கொள்ள விதி இடம் தருவதில்லை. வாரந்தோறும் வலியவர்களுடன் மோதித் தேய்ந்த நல்ல அணி ஒன்று அந்த வரம்புக்குக் கீழே விழுந்து வெளியேறுவதும் உண்டு.

ஆனால், அந்தக் குவிப்பு எப்படி நேர்ந்தது என்று பார்த்தால் மகளிர் கால்பந்துக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு காரணம் தென்படுகிறது. மேற்குக் கரையின் பழம்பெரும் 'பேக்-12' கூட்டமைப்பிலிருந்து 2024-இல் பத்துக் கல்லூரிகள் வெளியேறின. ஆண்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் தொலைக்காட்சி உரிமைப் பணமே அதற்கு முதன்மைக் காரணம். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதன் மாணவிகள் இப்போது கூட்டமைப்பு ஆட்டம் ஒன்றுக்காக ஏறத்தாழ 4,000 கி.மீ. பறக்க நேர்கிறது. 2022-இல் பட்டம் வென்ற யுசிஎல்ஏ, பிக் டென் கூட்டமைப்புக்குப் போனது.

பின்தங்கியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு கல்லூரிகள். 2019-இல் தேசிய அரையிறுதி வரை முன்னேறியது வாஷிங்டன் ஸ்டேட் மகளிர் அணி. ஐந்தே ஆண்டுகளில் அதன் கூட்டமைப்பு காலடியிலிருந்து நழுவியது. இரு கல்லூரிகளின் மகளிர் அணிகளும் வெஸ்ட் கோஸ்ட் கூட்டமைப்பில் இடம் தேடிக்கொண்டன. அந்த மாணவிகள் எந்த ஆட்டத்திலும் தோற்று இந்த நிலைக்கு வரவில்லை. எதிரணிகளின் மதிப்புக்கு முக்கால் பங்கு எடை தரும் முறையில், யாருடைய பக்கத்தில் அமர்ந்திருக்கிறோம் என்பதே பாதி விதி. அந்த இருக்கையை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

என்ன செய்யலாம்? ஆண்கள் கூடைப்பந்தில் ஆர்பிஐ முறையை 2018-இல் என்சிஏஏ கைவிட்டு, எங்கே, யாருக்கு எதிராக, எப்படி ஆடினார்கள் என்பதைக் கூடுதலாக உள்வாங்கும் புதிய முறைக்கு மாறியது. பணம் கொழிக்கும் ஆட்டத்துக்குக் கிடைத்த அந்த அக்கறை மகளிர் கால்பந்துக்கும் உரியதே. கூட்டமைப்புப் பட்டியலில் முதலிடம் பிடித்தும் நாக்அவுட் தொடரில் தடுக்கி விழும் அணிகளுள், ஒரு குறைந்தபட்சத் தரத்தை எட்டியவற்றுக்குச் சில இடங்களை ஒதுக்கலாம். பெருங்கூட்டமைப்பு அணிகள் ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தையேனும் சிறிய கூட்டமைப்பின் திடலில் ஆட வேண்டும் என்று விதி செய்யலாம்.

இவற்றுக்கு விலை உண்டு. இடங்கள் 64தான். சிறிய கூட்டமைப்புக்குத் தரும் ஒவ்வோர் இடமும் பெரிய கூட்டமைப்பில் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வந்த, ஒருவேளை அதைவிடத் திறமையான, அணியிடமிருந்து எடுக்கப்படுவது. ஆனால், ஏழாவதாக வந்த அணிக்குத் தன்னை நிரூபிக்க வலிமையான எதிரணிகளுடன் பத்து வாய்ப்புகள் ஏற்கெனவே கிடைத்திருக்கும். சிறிய அணிக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைத்திருக்கும். நிரூபிக்கவே வாய்ப்புப் பெறாதவரை, நிரூபிக்கவில்லை என்று சொல்லி விலக்குவது அளவீட்டுப் பிழை; வாய்ப்புகளைப் பயன்படுத்தத் தவறியவரை விலக்குவது தேர்வு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாகக் கருதுகிறேன்.

கல்லூரி விளையாட்டு வீராங்கனையின் காலம் நான்கு பருவங்கள்தான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகப் போவதில்லை. தேசியப் போட்டியில் ஆடும் ஒரு நவம்பர் மாலைதான் அவர்கள் வாழ்வின் மிகப் பெரிய ஆட்டமாக இருக்கும். அந்த மாலையை அவர்களுக்குத் தருவதா, மறுப்பதா என்பதைத் தீர்மானிக்கும் எண்ணில், அவர்கள் கால்களால் ஈட்டிய பங்கு இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையான கோரிக்கை அல்ல.