உமியைத் தள்ளு, தவிட்டைத் தள்ளாதே!

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் ஏலக்காய் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாயசத்துக்குத் தேவை உள்ளே இருக்கும் கறுப்பு விதைதான். ஆனாலும் மலைத்தோட்டத்தில் பறித்து, ஸ்டோர் என்னும் உலர்கூடத்தில் உலர்த்தி, ரகம் பிரித்து, ஏல மையத்தில் விலைபோகிற வரைக்கும் அது தோலோடுதான் வருகிறது. ஏன் தெரியுமா? விதையில் இருக்கும் வாசனை எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். அந்தப் பச்சைத் தோல்தான் அதற்குக் காவல். உரித்துவைத்தால் வாசம் குறையும். பொடித்துவைத்தால் இன்னும் வேகமாகக் குறையும்.

நாம் தினம் சாப்பிடும் தானியத்துக்கும் இப்படி ஒரு காவல் உண்டு. அதைப் பார்க்க, போடிக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டிபுரத்துக்கு வாருங்கள். மலையைக் குடைந்து அமைக்கவிருந்த நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்த ஊர் இது. நாம் மலையைக் குடையப் போவதில்லை. ஒரு தானிய மணியை உடைத்துப் பார்க்கப் போகிறோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே இறக்கிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் இந்தப் பகுதிக்கு மிச்சம்தான். அதனால் தேனி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் குறைந்த மழைக்குத் தாங்கும் சோளம், கம்பு, மொச்சை, தட்டைப்பயறு விளைகின்றன.

ஒரு சோள மணிக்குள் மூன்று பகுதிகள். வெளியே தவிடு: இதில் நார்ச்சத்து, பி வகை வைட்டமின்கள், இரும்பு போன்ற தாதுக்கள் உண்டு. ஓர் ஓரத்தில் முளைக்கரு: புதுச் செடியாகப் போவது இதுதான்; நல்ல எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் இதில் உண்டு. மிச்சமுள்ள பெரும்பகுதி மாவுச்சத்து. நெல், குதிரைவாலி, சாமை போன்றவற்றுக்கு இவை எல்லாவற்றுக்கும் வெளியே உமி என்று ஓர் ஓடும் உண்டு. உமியை நம்மால் தின்ன முடியாது, அதை நீக்கத்தான் வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஆலையில் ‘பாலிஷ்’ போடும்போது, அதாவது தீட்டும்போது, தவிடும் கருவும் போய், வெள்ளை மாவுச்சத்து மட்டும் மிஞ்சுகிறது.

ஆலைக்காரர் ஏன் அப்படிச் செய்கிறார்? கருவில் இருக்கும் எண்ணெய் காற்றுப்பட்டால் கெட்டுப்போகும். கம்பை அரைத்துச் சில நாள் வைத்தால் மாவு கசப்பது இதனால்தான். கருவை நீக்கிவிட்டால் மாதக்கணக்கில் கடையில் வைத்து விற்கலாம். பொருளுக்கு ஆயுள் கூடுகிறது, சத்து குறைகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகத்துக்குச் சொன்னவை சில கோழிகள்! 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜாவா தீவில் பலருக்குக் கால் மரத்து, நடை தளர்ந்து, இதயமும் பலவீனமானது. ‘பெரிபெரி’ என்பது அந்த நோயின் பெயர். கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், ஏதோ கிருமியின் வேலை என்று நினைத்து ஆராய்ந்தார். ஒருநாள் அவருடைய கோழிகளும் அதேபோல் தள்ளாடின. பிறகு தாமாகவே தேறின. விசாரித்தால், ராணுவ மருத்துவமனையின் வெள்ளைச் சோற்றில் மிஞ்சியதைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு தீட்டாத அரிசி தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன!

அரிசியில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று எய்க்மான் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ் 1901-ல் சரியான விளக்கத்தைச் சொன்னார்: தீட்டிய அரிசியில் உடம்புக்குத் தேவையான ஒன்று இல்லாமல் போகிறது. அந்த ஒன்றுதான் வைட்டமின் பி1, அதாவது தயமின். சாப்பாட்டிலிருந்து ஆற்றலை எடுக்கவும் நரம்புகள் வேலை செய்யவும் அது வேண்டும். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் குன்னூருக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரியை ஆராய ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அப்படியானால் எதையும் பதப்படுத்தவே கூடாதா? அவசரப்படாதீர்கள். நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்துக் காயவைத்துப் புழுங்கலரிசி ஆக்குகிறோம். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1-ல் ஒரு பங்கு மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய பிறகும் பச்சரிசியைவிடப் புழுங்கலரிசியில் அது கூடுதலாக மிஞ்சும். மொச்சையைப் பச்சையாகத் தின்றால் வயிற்றுக்கு ஆகாது. நன்றாக வேகவைத்தால் நல்லது. ஏலக்காயைக் காயவைப்பதும் கம்மங்கூழைப் புளிக்கவைப்பதும் பதப்படுத்தல்தான். எதை நீக்குகிறோம், எதைச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி.

பதப்படுத்தல் நாம் சாப்பிடும் அளவையும் மாற்றுமா? 2019-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் வகை உணவு. இரண்டு வாரம் இயல்பான உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஒரே அளவு. வேண்டியமட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு தந்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினார்கள். மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு குறைந்தார்கள்.

முழுத் தானியத்தால் வேறொரு நன்மையும் உண்டு. அதில் நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகக் கலக்கிறது. பசி சீக்கிரம் வராது. நம்மால் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் தின்று, குடலுக்கு நன்மை செய்யும் அமிலங்களைத் தருகின்றன.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். முழுப் பாசிப்பயறு, உடைத்த பாசிப்பருப்பு, கடையில் வாங்கிய பச்சரிசி மூன்றையும் இரவு ஊறவைத்து, தனித்தனி ஈரத்துணியில் கட்டிவையுங்கள். இரண்டு நாளில் முழுப் பயறு முளைவிடும். மற்ற இரண்டும் முளைக்காது. காரணத்தை உங்கள் அறிவியல் நோட்டில் எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘சிறுதானியம்’ என்று எழுதியிருந்தாலே நல்லது என்று நம்பிவிடாதீர்கள். பளபளவென்று வெளுத்த சாமையும் குதிரைவாலியும் தீட்டப்பட்டவையாக இருக்கலாம். கம்பு பிஸ்கட் என்று வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதன் பெயர்தான் முதலில் இருக்கும். அங்கே மைதா என்று இருந்தால், அது மைதா பிஸ்கட்தான்!

அடுத்த முறை வீட்டில் தானியம் வாங்கும்போது நீங்களும் கூடப் போங்கள். கடைக்காரரிடம், “உமி போனால் போதும் அண்ணாச்சி, தீட்டாததா குடுங்க” என்று கேளுங்கள்.