பொலித்தீன் கூடாரத்துக்கு வேண்டியது மேல்வாசல்

நுவரெலியா மாவட்டத்தில் தக்காளியும் குடைமிளகாயும் பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்வது இன்று வழமையான காட்சி. மலைக்குளிருக்கு அது கதகதப்பு தரும் என்பதே பலரின் எண்ணம். ஆனால், கூடாரத்துப் பயிரை முதலில் வாட்டுவது பகல் வெப்பம்தான். அதை முன்கூட்டியே கணக்கிடலாம், கட்டும்போதே அடக்கவும் செய்யலாம்.

இம்மாவட்டத்தின் நல்லதண்ணி ஊரையே எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை குறைவதால், கொழும்பில் 27 பாகை செல்சியஸ் என்றால் இங்கே 20ஐ ஒட்டியிருக்கும். காற்றுக் குளிர்ந்தாலும் வெயில் தணிவதில்லை. தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் வெயில் விழும். அதில் 700 வாட் பொலித்தீனைக் கடந்து உள்ளே வருகிறது என்றும், பாதியை இலைகள் நீரை ஆவியாக்கச் செலவிடுகின்றன என்றும் கொண்டால், மீதி 350 வாட் காற்றைச் சூடாக்கும். மூன்று மீட்டர் உயரக் கூடாரத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுவதும் மாறினால், உள்ளே ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 70 வாட் வெளியேறிவிடும். ஆகவே உள்ளே 5 பாகைதான் கூடும். எல்லாம் மூடிக்கிடந்தால் பாகைக்கு 10 வாட்டே வெளியேறும். அப்போது 35 பாகை கூடும். அதாவது 25 எங்கே, 55 எங்கே! 35 பாகையை எட்டினாலே தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்கும்.

காற்றை மாற்ற மின்விசிறி வேண்டாமா என்று கேட்கலாம். சூடான காற்று தானே மேலெழும். அடியில் பக்கத்திறப்பும் உச்சியில் மேல்வாசலும் இருந்தால் போதும். இரண்டுக்கும் இடையிலான உயரம் நான்கு மடங்கானால் காற்றோட்டம் இரு மடங்காகும். பூச்சிவலை ஓட்டத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அதற்கேற்பத் திறப்பைப் பெரிதாக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கூரையைப் பிய்க்காதா? மேல்வாசலைக் காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கமாக வைத்தால் அந்த ஆபத்துக் குறையும். அம்மாதங்களில் முகில் மூடி வெயில் குறைவதால், திறப்பைச் சுருக்கினாலும் பெரிய பாதகமில்லை. கடும் வெயில் வருவது சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலத்தின் தெளிந்த நாட்களில்தான்.

அதே நாட்களின் இரவில் நுவரெலியாவில் துகள் உறைபனி படிகிறதே என்பது வலுவான மறுப்பு. ஆனால் சாதாரணப் பொலித்தீன் அங்கும் காப்பதில்லை. மண்ணும் இலையும் வீசும் வெப்பக்கதிர் அதை ஊடுருவி வானுக்குப் போய்விடும். காற்றசையாத இரவில் கூடாரத்தின் உள்ளே வெளியைவிடக் குளிர்வதும் உண்டு. அந்த இழப்பைத் தடுப்பது பயிருக்கு மேலே இரவில் இழுத்து மூடும் திரைதான். ஆகையால் மேல்வாசலைக் கைவிட உறைபனி காரணமாகாது. விசிறிக்கும் சூடேற்றிக்கும் பணம் போடுமுன் விவசாயிகள், நிழலில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டுப் பார்க்கட்டும். நண்பகல் வித்தியாசம் 10 பாகையைத் தாண்டினால், செலவழிக்க வேண்டிய இடம் கூரைதான்.