வலிக்கு முன்னே ஒரு படம்

முழங்கால் வலிக்கிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்த மருத்துவர், “எலும்பில் கோளாறு இல்லை” என்கிறார். மூட்டில் கோளாறே இல்லை என்று இதற்குப் பொருளா? அன்று.

முழங்காலில் சந்திக்கும் எலும்புகளின் முனைகளைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதன் பெரும்பகுதி நீரே. கொல்லாஜன் இழைகள் வலைபோல் பின்னி நிற்க, புரோட்டியோகிளைக்கான் என்னும் மூலக்கூறுகள் நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. நம் எடையைத் தாங்குவது இந்த ஏற்பாடுதான்.

குருத்தெலும்பில் நரம்பு இல்லை. ஆகவே அது கெடத் தொடங்குவது நமக்குத் தெரிவதில்லை. இரத்தக் குழாயும் இல்லை. ஆகவே கெட்ட இடம் எளிதில் ஆறுவதுமில்லை.

1895இல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ்-கதிர்கள் சுண்ணாம்புச் சத்துள்ள எலும்பையே தெளிவாகக் காட்டும். குருத்தெலும்பு அதில் தெரியாது. எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி குறைந்த பிறகே தேய்மானத்தை ஊகிக்க முடியும்.

நீரைக் கொண்டே படம் பிடித்தால் என்ன? காந்த ஒத்ததிர்வு முறை அதைத்தான் செய்கிறது. இம்முறையில் படம் எடுக்கும் வழியை லாட்டர்பர் 1973இல் வெளியிட்டார். அவரும் மான்ஸ்ஃபீல்டும் 2003இல் நோபல் பரிசு பெற்றனர். வலிய காந்தப் புலத்தில் ரேடியோ அலைகளைச் செலுத்தினால், நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் மறுகுறிப்பு அனுப்புகின்றன. நல்ல குருத்தெலும்பில் இக்குறிப்பு விரைவில் மங்கிவிடும். இழைவலை குலைந்து நீர் தாராளமாக நடமாடும் இடத்தில் மங்கச் சற்று நேரமாகும். இந்த வேறுபாடு மில்லி விநாடிக் கணக்கில்தான். ஆனால் கணிப்பொறி அதை அளந்து, புள்ளி புள்ளியாக வண்ணமிட்டுக் காட்டிவிடுகிறது. குருத்தெலும்பின் கனம் குறையுமுன்பே இம்மாற்றம் தெரியக்கூடும்.

இன்னொரு வழியும் உண்டு. புரோட்டியோகிளைக்கான் எதிர் மின்னூட்டம் உடையது. அதே மின்னூட்டமுள்ள கடோலினியச் சேர்மம் ஒன்றை இரத்த நாளத்தில் ஏற்றுகிறார்கள். ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? நல்ல குருத்தெலும்பில் சேர்மம் அதிகம் நுழையாது. புரோட்டியோகிளைக்கான் குறைந்த இடத்தில் நுழைந்து, தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய ஓர் ஆய்வு, 45 முதல் 79 வயதுவரையுள்ள 4,796 பேரின் முழங்கால்களைப் பல ஆண்டுகள் காந்த ஒத்ததிர்வு முறையில் படமெடுத்துத் தொடர்ந்தது.

எல்லோரும் உடனே படம் எடுத்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். வலியே இல்லாதவர்களின் மூட்டிலும் மாற்றங்கள் தென்படுவதுண்டு. மேலும், இழந்த குருத்தெலும்பை முழுதாக மீட்டுத் தரும் மருந்து இன்னும் இல்லை. முன்கூட்டி அறிவதன் பயன், மிச்சமுள்ளதைக் காக்க அவகாசம் கிடைப்பதே. எடை மிகுந்த மூட்டு நோயாளிகளிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது. எடையைக் குறைக்கவும் தொடைத் தசையை வலுவாக்கவும் நீங்கள் எந்தப் படத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.