ஊற்றாதீங்க, மொண்டு எடுங்க

எங்கள் வீட்டு இரும்பு கேட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. சுரண்டிவிட்டு எனாமல் பெயின்ட் அடிக்க 30 மில்லி போதும். பரணில் ஒரு லிட்டர் டப்பாவில் முக்கால்வாசி மீதி இருந்தது. திறந்து, கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ஊற்றி, வேலையை முடிச்சு, மூடி வச்சுட்டேன். ஆறு மாதம் கழிச்சுப் பார்த்தா மூடி அசையவே இல்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினதில் கோணிக்கிச்சு. உள்ளே தடித்த ஆடை, அதுக்குக் கீழே கூழ். 30 மில்லிக்காக 700 மில்லி போச்சு.

தப்பு எங்கே நடந்ததுன்னு யோசிச்சப்போ, மூடினதில் இல்லை, ஊற்றினதில்தான்னு தெரிஞ்சது.

டீக்கடையில் மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றும்போது ஒரு சொட்டு சிந்தாது. அதே டம்ளரை நாம் மெதுவாகச் சாய்த்தால் டீ வெளிப்பக்கமாக வழிந்து மேஜைக்கு வந்துடும். வித்தியாசம் வேகத்தில். திரவம் வேகமாகப் போனால் விளிம்பை விட்டுத் தாவிவிடும். மெதுவாகப் போனால் விளிம்பைச் சுற்றி வளைந்து, பாத்திரத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். 1956இல் மார்க்கஸ் ரெய்னர் இதற்குத் தேநீர்க் குடுவை விளைவு என்று பெயர் வைத்தார். அடுத்த வருடம் ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர் காரணம் சொன்னார்: விளிம்பில் வளையும் இடத்தில் திரவத்துக்குள் அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்று அதைப் பாத்திரத்தோடு சேர்த்து அழுத்துகிறது. தேநீர்க் குடுவை சொட்டாமல் ஊற்றுவது பற்றிப் பின்னாளில் செய்த ஆய்வுக்காகக் கெல்லருக்கு 1999இல் இக்நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது.

இப்போ பெயின்ட்டுக்கு வருவோம். நமக்கு வேண்டியது கொஞ்சம். கொஞ்சமாக ஊற்றணும்னா மெதுவாகத்தான் ஊற்ற முடியும். மெதுவாக ஊற்றினால் வழியும். போதாக்குறைக்கு, உலோகத்தில் ஒட்டுவதுதான் பெயின்ட்டின் வேலையே. டப்பாவின் விளிம்போ கூர்மையாக இல்லாமல் உருண்டு, நடுவில் ஒரு பள்ளத்தோடு இருக்கு. அது மூடி இறுக்கமாக உட்காருவதற்காகச் செய்தது, ஊற்றுவதற்காக இல்லை. அதனால், எவ்வளவு கவனமான கையாக இருந்தாலும் சின்ன அளவை ஊற்றினால் சிந்தத்தான் செய்யும்.

தரையில் சிந்தினதைத் துடைச்சுடலாம். பள்ளத்தில் தேங்கினதுதான் வினை. காய்ந்த பிறகு ஒரு பக்கம் மூடியைப் பசை போலப் பிடிக்கும், இன்னொரு பக்கம் மேடாகி இடைவெளி விடும். எனாமல் பெயின்ட் காய்வது கரைப்பான் ஆவியாவதால் மட்டும் இல்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு வினைபுரிந்தும் இறுகுகிறது. இடைவெளி வழியாகக் காற்று போனால் டப்பாவுக்குள்ளேயே காய ஆரம்பிச்சுடும்.

ஆகவே, கொஞ்சம் வேணும்னா டப்பாவைச் சாய்க்கவே வேண்டாம். எண்ணெய்க் கடையில் டின்னுக்குள் விட்டு எடுக்கும் அளவைக் குவளையைப் பார்த்திருப்பீங்க. கைப்பிடி செங்குத்தாக நிற்கும். நேராக இறங்கி நேராக ஏறும், விளிம்பைத் தொடாது. நான் ஒரு பழைய குழிக்கரண்டியின் கைப்பிடியை அப்படி மேல்நோக்கி வளைச்சு வச்சிருக்கேன். முதலில் குச்சியால் அடிவரைக்கும் கலக்கணும்; நிறமி அடியில் படிந்திருக்கும். ஆடை இருந்தால் கலக்காமல் வெட்டி எடுத்துடணும். பிறகு மொண்டு, கரண்டியின் அடிப்பக்கத்தை டப்பாவின் உள்சுவரில் ஒருமுறை தேய்ச்சுட்டு வெளியே எடுக்கணும். அவ்வளவுதான்.

இன்னும் கம்மியாக, 5 அல்லது 10 மில்லி போதும்னா, மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச், ஊசி இல்லாமல். கெட்டியான பெயின்ட் மெதுவாகத்தான் ஏறும், அவசரப்படக் கூடாது. டர்பன்டைன் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக்கும், அதனால் ஒரு தடவைக்குத்தான்னு வச்சுக்கோங்க.

அதிகமாக வேணும், ஊற்றித்தான் ஆகணும்னா, வேதியியல் லேபில் கண்ணாடிக் குச்சி பிடிச்ச ஞாபகம் இருக்கா? அதே மாதிரி விளிம்பில் ஒரு குச்சியைச் சாய்த்துப் பிடிங்க. ஒட்டிக்கொண்டு ஓடும் அதே குணம் இப்போ பெயின்ட்டைக் குச்சி வழியாகக் கிண்ணத்துக்குக் கூட்டிப் போகும். முடிஞ்சதும் பள்ளத்தைத் துணியால் சுத்தமாகத் துடைச்சுட்டுத்தான் மூடணும்.

பள்ளத்தில் ஆணியால் ஓட்டை போட்டால் பெயின்ட் திரும்ப உள்ளே இறங்கிடும்னு ஒரு யோசனை உண்டு. மூடி அந்தப் பள்ளத்தை முழுசா மறைத்து, வெளிச்சுவரையும் பிடிக்கிற டப்பாவுக்கு அது சரி. நடுவில் மட்டும் மூடி அமுங்கி உட்காரும் டப்பாவில் செய்தால், காற்றுக்கு நாமே வாசல் திறந்த மாதிரி ஆயிடும்.

மீதி பாதிக்கும் கீழே வந்துட்டால், கழுவிக் காயவைத்த சின்ன கண்ணாடி பாட்டிலுக்குக் கழுத்துவரை மாற்றிடுங்க. உள்ளே காற்று எவ்வளவு குறைவோ, ஆடையும் அவ்வளவு குறைவு. நான் இப்போ பாட்டில் மேல் நிறத்தையும் தேதியையும் எழுதி வைக்கிறேன். கேட்டில் அடுத்த துரு எங்கே வரும்னு தெரியாது; வந்தால் பெயின்ட் தயாராக இருக்கு.