போட்டதே தெரியக் கூடாது

விருந்துக்குக் கிளம்ப 15 நிமிடமும் ஏழெட்டுப் பொருள்களும் போதும். சொந்த நிறத்தோடு சண்டை போடாமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

“மேக்கப் பிரமாதம்” என்று யாராவது சொன்னால் இன்றைய நிலவரப்படி அது பாராட்டு அல்ல, புகார். “என்ன, முகம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது?” என்று கேட்டால்தான் வெற்றி. குர்காவ் அலுவலகத்தின் தீபாவளி விருந்தாகட்டும், மாதுங்காவில் அத்தை மகள் கல்யாண வரவேற்பாகட்டும், பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் புத்தாண்டுக் கொண்டாட்டமாகட்டும், எல்லா இடத்திலும் எடுபடுவது போட்டதே தெரியாத ஒப்பனைதான்.

ஆனால் நடப்பது வேறு. கூட்டத்தில் நாலு முகங்களைப் பார்த்தால் ஒன்றாவது கழுத்திலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கிறது. முகம் கோதுமை, கழுத்து மாநிறம், கை இன்னும் ஒரு படி கூடுதல். போட்டோவில் பார்த்தால் சாம்பல் பூசியது போலிருக்கும். விலை உயர்ந்த பொருளை வாங்கியும், மணிக்கணக்கில் கண்ணாடி முன் உட்கார்ந்தும் இப்படி ஆவதற்குக் காரணம் கைப்பழக்கம் இல்லாதது அல்ல. ஒப்பனை என்றாலே சிவப்பாகத் தெரிவது என்ற பழைய கணக்குதான் காரணம்.

அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1930களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டின் வண்ணப் படங்களுக்காக மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் தயாரித்தது பான்கேக். ஈர ஸ்பாஞ்சில் தொட்டு முகம் முழுக்க அப்பிக்கொள்ளும் இந்த வில்லை, ஸ்டூடியோ விளக்குகளின் கடும் வெளிச்சத்துக்கென்றே உருவானது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் அது எவ்வளவு புழங்கியது, அந்த ஒப்பனை அறை எப்படித் தகித்தது என்பதை அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் ஆங்கிலத்தில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். அந்தப் பகுதி மத்தியக் கல்வித் திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமாகவே இடம்பெற்றது. கேமராவுக்காக வந்த அந்த முறை கல்யாண மேடைக்கும், பிறகு வீட்டு விசேஷங்களுக்கும் இறங்கி வந்தது. விளக்கு மாறியது, முறை மாறவில்லை.

இன்னொரு பக்கம் சிவப்பழகு கிரீம். 1975இல் வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ இரண்டு தலைமுறைகளுக்கு நிறத்தைப் பற்றிப் பாடம் நடத்தியது. 2020இல் அதன் பெயர் ‘க்ளோ அண்டு லவ்லி’ ஆனது. சென்னையில் 2009இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கம் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். படித்த, வசதியான பெண்ணாக நடிக்கும்போதெல்லாம் நிறத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள் என்று அவர் பலமுறை பேசியிருக்கிறார். 2017இல் பாடகி ரிஹானாவின் நிறுவனம் ஒரே நேரத்தில் 40 நிறங்களில் ஃபவுண்டேஷனை இறக்கியதும் மற்ற கம்பெனிகள் விழித்துக்கொண்டன. இன்று மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கடையில் நிறம் கிடைக்கிறது. கேட்டு வாங்கத்தான் தயக்கம்.

ஜன்னல் ஓரத்துப் பரிசோதனை

ஆகவே முதல் வேலை, சரியான நிறத்தைக் கண்டுபிடிப்பது. கடைக்காரர் மணிக்கட்டில் தடவிக் காட்டுவார், நம்பாதீர்கள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்தில், கழுத்தைத் தொடும் இடத்தில், அருகருகே மூன்று நிறங்களைக் கோடாக இழுங்கள். கடையின் விளக்கை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் உங்களுடையது. பத்து நிமிடம் பொறுத்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. சில ஃபவுண்டேஷன்கள் காய்ந்ததும் ஒரு படி கறுக்கும்.

நிறத்தின் ஆழத்தைப் போலவே அடிச்சாயலும் முக்கியம். நம்மில் பலருக்குத் தோலின் அடியில் மஞ்சள் அல்லது பொன்னிறச் சாயல் உண்டு. அவர்கள் இளஞ்சிவப்புச் சாயலுள்ள ஃபவுண்டேஷன் போட்டால் முகம் வெளிறும். இரண்டு நிறங்களுக்கு நடுவே தடுமாறினால் கொஞ்சம் அடர்ந்ததையே எடுங்கள். அடர்ந்தது வெயிலில் வந்த முகம் போலிருக்கும். வெளிறியது முகமூடி போலிருக்கும்.

15 நிமிடம், ஏழு படி

ஒன்று: முகத்தைக் கழுவி, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அது தோலில் இறங்க ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் புடவை கட்டிவிடலாம். இந்த இடைவெளி இல்லாவிட்டால் மேலே போடுவது எல்லாம் திட்டுத்திட்டாக உருளும். பகல் விருந்து என்றால் சன்ஸ்கிரீன் அவசியம். இரவு விருந்துக்கு அது வேண்டாம். துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் கலந்த வகைகள் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெள்ளையடித்துக் காட்டும். பகலில் போட்டிருந்தால் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு: கண்ணுக்குக் கீழே கருமை நம் நாட்டில் சர்வசாதாரணம். பலருக்கு அது தூக்கக் குறைவால் வருவதல்ல, பரம்பரைச் சொத்து. அதன் மேல் நேரடியாக வெளிர் கன்சீலர் போட்டால் கருமை சாம்பலாக மாறும், மறையாது. முதலில் ஆரஞ்சு அல்லது பீச் நிறக் கரெக்டரை விரல் நுனியால் ஒற்றி எடுங்கள். நீலம் கலந்த கருமையை ஆரஞ்சு அடக்கும். அதன் மேல் உங்கள் நிறத்திலேயே மெல்லிய கன்சீலர்.

மூன்று: ஃபவுண்டேஷன் ஒரு பட்டாணி அளவு போதும். முகம் முழுக்க வேண்டியதில்லை. மூக்கின் இரு பக்கம், வாயோரம், முகவாய், நிறம் சீராக இல்லாத இடங்கள் ஆகியவற்றில் மட்டும் தொட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது. நல்ல தோல் இருக்கும் இடத்தில் நல்ல தோலே தெரியட்டும். இயற்கையான தோற்றத்தின் ரகசியம் இவ்வளவுதான். முகத்தில் சின்ன மச்சமோ பழைய பரு வடுவோ தெரிந்தால் குடி முழுகிப் போகாது.

நான்கு: பவுடர் நெற்றி நடுவிலும் மூக்கிலும் முகவாயிலும் மட்டும். கன்னத்தில் கொஞ்சம் பளபளப்பு இருக்கட்டும். குளித்ததும் போடும் வெள்ளை டால்கம் பவுடரை இதற்குப் பயன்படுத்துவதுதான் பலரின் வழக்கம். மாநிற முகத்தில் அது சுண்ணாம்பு. நிறமில்லாத அல்லது உங்கள் நிறத்து காம்பேக்ட் பவுடரை வாங்குங்கள்.

ஐந்து: நேரமில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் கவனியுங்கள். புருவத்தில் இடைவெளி உள்ள இடங்களில் கரும்பழுப்புப் பென்சிலால் ரோமம் ரோமமாகச் சின்னக் கோடுகள். மேல் இமையின் ரோம வேரை ஒட்டி மெல்லிய மை. அது கலைந்து கீழே இறங்காமலிருக்க அதன் மேல் அடர் பழுப்பு ஐ ஷேடோவைச் சின்ன பிரஷ்ஷால் ஒற்றுங்கள். மஸ்காரா ஒரே பூச்சு.

ஆறு: கன்னத்துக்குத் தனியாக ரூஜ் வாங்க வேண்டியதில்லை. உதட்டுக்குப் போடும் லிப்ஸ்டிக்கையே விரலில் தொட்டு, சிரிக்கும்போது எழும் கன்ன மேட்டிலிருந்து காது நோக்கி மெதுவாகப் பரப்புங்கள். கோதுமை நிறத்துக்கு பீச்சும் ரோஜாவும், மாநிறத்துக்குச் செங்கல் நிறம், கறுப்புக்கு நாவல்பழ நிறமும் மெரூனும் பொருந்தும். கறுப்பான பெண்கள் அடர் நிறம் போடக் கூடாது என்பது கட்டுக்கதை. வெளிர் நிறம்தான் அவர்களுக்கு எடுபடாது.

ஏழு: உதட்டில் லிப்ஸ்டிக்கை நேராக இழுக்காமல் விரலால் ஒற்றினால் சொந்த நிறம் போலவே படியும். ‘நியூட்’ என்று விற்கப்படும் வெளிர் பழுப்பு, இயல்பிலேயே கருத்த உதடுகளுக்கு ஒத்துவராது. உங்கள் உதட்டைவிட ஒரு படி அடர்ந்ததே உங்களுக்கான நியூட்.

கடைசியாக, ஃபிளாஷ் போட்டு செல்போனில் ஒரு படம். முகமும் கழுத்தும் ஒரே நிறத்தில் இருந்தால் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பலாம். பட்டுப் புடவையும் மல்லிகையும் ஜிமிக்கியும் இருக்கிற அன்று, கண்ணோ உதடோ ஏதாவது ஒன்றுதான் தூக்கலாக இருக்க வேண்டும்.

ஊருக்கேற்ற கோலம்

ஒரே முறை எல்லா ஊருக்கும் செல்லாது. கல்யாணங்கள் குவியும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை டெல்லியில் தோல் வறண்டு உரியும். அங்கே பவுடரைக் கிட்டத்தட்ட மறந்துவிடலாம். கிரீம் வடிவப் பொருள்களும் கொஞ்சம் கூடுதல் மாய்ஸ்சரைசரும் வேண்டும். மும்பையிலும் சென்னையிலும் கொல்கத்தாவிலும் எதிரி வியர்வை. அங்கே கனமான கிரீமைத் தவிர்த்து, ஜெல் மாய்ஸ்சரைசர், தண்ணீரில் கரையாத மை, கைப்பையில் நாலு டிஷ்யூ காகிதம். வழியும் வியர்வையைத் துடைக்காமல் ஒற்றி எடுத்தால் ஒப்பனை நிற்கும். எண்ணெய் வழிகிற முகத்தின் மேல் பவுடரை மீண்டும் மீண்டும் அப்பினால் பாளம் பாளமாகத்தான் ஆகும்.

அழகுக்கு விலை

இதுவரை சொன்னது தோற்றத்தைப் பற்றி. தவறினால் போட்டோ கெடும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆபத்து, விருந்துக்கு ஒரு மாதம் முன்பே ‘நிறம் கூட்ட’ கிரீம் வாங்குவதில் இருக்கிறது. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 32 சிவப்பழகு கிரீம்களில் 14இல் பாதரசம் இருந்தது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அபூர்வமான ஒரு வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பயன்படுத்தியவர்கள்.

பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. அதனால்தான் சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள்படி, கண்ணைச் சுற்றிப் போடும் பொருள்களைத் தவிர மற்றவற்றில், தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விதி இருக்கிறது. பெயரும் விலாசமும் இல்லாத டப்பாவுக்கு அது எட்டுவதில்லை.

ஆகவே வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ஒரே வாரத்தில் சிவப்பு என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

மையிலும் பொட்டிலும்கூடக் கவனம் தேவை. பழைய முறை சுர்மாவில் காரீயக் கனிமம் இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு அது அறவே கூடாது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள சில வேதிப்பொருள்கள், தினமும் அதே இடத்தில் ஒட்டும் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்கும். அரிப்போ நிறமாற்றமோ தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். எந்தப் புதுப் பொருளையும் விருந்தன்று முதல்முறையாகப் போடாதீர்கள். இரண்டு நாள் முன்பே முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பார்த்துவிடுங்கள். திறந்த மஸ்காராவை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். மஸ்காராவையும் மையையும் தோழியோடு பகிர்ந்துகொள்ளவும் வேண்டாம். கண்நோய் பரவ அது சுலபமான வழி.

விருந்து முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பினாலும் ஒப்பனையோடு படுக்கக் கூடாது. பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு மையையும் லிப்ஸ்டிக்கையும் துடைத்து, பிறகு மென்மையான சோப்பால் முகம் கழுவினால் போதும். பரு வரும் முகத்துக்கு எண்ணெய் வேண்டாம். கடையில் கிடைக்கும் மைசெல்லர் தண்ணீர் நல்லது. கழுவிய பிறகு கண்ணாடியைப் பாருங்கள். விருந்தில் பார்த்த முகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால், ஒப்பனை சரியாக அமைந்தது என்று பொருள்.