எபிரேயம் பேசத் தொடங்குவோர்க்கு

நார்த்தாமலைக் குன்றுகளில் அகவும் மயிலைச் சுட்டி, தமிழார்வத்தால் நாம் ‘துக்கி’ என்றால், எபிரேயம் பேசுபவர் கிளியைத் தேடுவார். சுலைமான் நபி (அலை) அவர்களின் கப்பல்கள் கொணர்ந்ததாகப் பழைய ஏற்பாடு கூறும் ‘துக்கிம்’ நம் ‘தோகை’யே என்பர் அறிஞர் பலர். ஆயின் இன்றைய பேச்சில் அச்சொல் கிளிக்குரியது. மயில் ‘தவாஸ்’, அரபியில் ‘தாவூஸ்’.

பேசப் பழகுவோர்க்கு நம்மில் பலர் மதரஸாவில் ஓதிய அரபியே பெருந்துணை. ‘ஸலாம்’ அங்கே ‘ஷாலோம்’, ‘யவ்ம்’ ‘யோம்’. தமிழும் கைகொடுக்கும்: ‘நான் மாணவன்’ என்பதுபோல் ‘அனி தல்மீத்’, இடையே வினைச்சொல் வேண்டா. நலம் வினவுகையில் மட்டும் விழிப்பு வேண்டும்: ஆணிடம் ‘மா ஷ்லொம்ஹா’, பெண்ணிடம் ‘மா ஷ்லொமேஹ்’. அரபியைப் போலவே அச்சில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இரா. முதலில் செவிவழியே பயில்வது நன்று. 1881இல் ஜெருசலேம் சென்று குடியேறிய எலியேசர் பென் யெஹூதாவின் மகன், 1882இல் பிறந்தவர், அந்நூல்மொழியைச் செவிவழியே கேட்டுத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தார்.